நகர மண்டபத்தைப் பார்க்கும் முறை: டர்பனில் பழகி, பிரிட்டனில் காண்பது

பிள்ளைகளைப் பார்க்கவோ மேற்படிப்புக்காகவோ பிரிட்டனுக்குப் போய்வரும் நம் டர்பன் தமிழர்களில் பலர், லண்டனில் அரண்மனை வாசலையும் தேம்ஸ் ஆற்றுப் பாலங்களையும் பார்த்துவிட்டு, மற்ற நகரங்களில் கடைத்தெருவோடு திரும்பிவிடுகிறார்கள். லீட்ஸ், மான்செஸ்டர், கிளாஸ்கோ, கார்டிஃப் ஆகிய நகரங்களின் நட்டநடுவே நிற்கும் நகர மண்டபங்களை ஒரு பொருட்டாக எண்ணுவோர் குறைவு. எண்ணினாலும் படிக்கட்டில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வதோடு சரி. ஆனால் அந்த நாட்டின் நகர வாழ்வு எப்படி உருவானது என்பதை அரண்மனைகளைவிட இந்த மண்டபங்களே தெளிவாகக் காட்டுகின்றன. அவை அரசர்கள் கட்டியவை அல்ல. ஆலை முதலாளிகளும் வணிகர்களும் வழக்கறிஞர்களும் அமர்ந்திருந்த நகராட்சி மன்றங்கள், ஊரார் கட்டிய வரியிலும் நகராட்சி நடத்திய தொழில்களின் வருவாயிலும், பக்கத்து ஊரைவிடத் தங்கள் ஊர் ஒரு படி மேல் என்று காட்டுவதற்காக எழுப்பியவை.

இவற்றைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. பாணியின் பெயரிலிருந்து தொடங்குவது வீண் என்பது என் கருத்து. சுற்றுலாக் கையேடுகள் முதல் வரியிலேயே கோதிக் என்றோ பரோக் என்றோ சொல்லிவிடுவதால், படிப்பவரின் கண் அந்தப் பெயரோடு நின்றுபோகிறது. முதலில் கட்டடம் நிற்கும் நிலத்தையும், பிறகு அதற்கு வந்த பணத்தையும் கல்லையும், அதன்பின் வாசல்களையும் அறைகளையும் பார்த்து, பாணியைக் கடைசிக்கு ஒதுக்கினால்தான் கட்டடம் பிடிபடும். இந்தப் பயிற்சியை விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்கலாம். அதற்கு ஏற்ற கட்டடம் நம் ஊரிலேயே இருக்கிறது.

டர்பனில் ஒரு காலைப்பொழுது

டர்பன் நகர மண்டபம் 1910 ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அதை வரைந்த ஸ்டான்லி ஹட்சன், நான்கு ஆண்டுகளுக்கு முன் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் திறக்கப்பட்டிருந்த நகர மண்டபத்தையே மாதிரியாகக் கொண்டார். நடுவில் ஒரு பெரிய குவிமாடம், நான்கு மூலைகளிலும் அதன் குட்டிகளைப் போன்ற சிறு குவிமாடங்கள், முகப்பில் இரட்டைத் தூண்கள் என்று இரண்டும் அச்சில் வார்த்தவைபோல இருக்கும். பெல்ஃபாஸ்ட் குவிமாடம் 53 மீட்டர் உயரம். நம்முடையது சுமார் 48 மீட்டர்.

ஒரு வேலைநாளின் காலையில், வெயில் ஏறுவதற்கு முன் பிரான்சிஸ் ஃபேர்வெல் சதுக்கத்துக்குப் போங்கள். உள்ளே நுழையும் அவசரம் வேண்டாம். கோயிலுக்குப் போனால் மூலவரைப் பார்ப்பதற்கு முன் வெளிப் பிரகாரத்தை ஒருமுறை வலம்வருவோம் அல்லவா, அப்படியே இந்தக் கட்டடத்தையும் நான்கு புறமும் சுற்றிவர வேண்டும். சுற்றும்போது ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: எத்தனை வாசல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் யாருக்காக? சதுக்கத்தின் பக்கம் பார்க்கும் பெரிய முகப்பு மேயருக்கும் மன்றத்துக்கும் விழாக்களுக்கும் உரியது. அருங்காட்சியகத்துக்கும் ஓவியக்கூடத்துக்கும் போகிறவர்கள் பிளேஹவுஸ் அரங்குக்கு எதிரே, முன்பு ஸ்மித் தெரு என்றிருந்த ஆன்டன் லெம்பேடே தெருவிலிருந்து நுழைகிறார்கள். மன்றம், பேரரங்கு, நூலகம், அருங்காட்சியகம், ஓவியக்கூடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பது தற்செயல் அல்ல. ஊருக்கு அறிவும் கலையும் தருவதும் நகராட்சியின் கடமை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் நகரங்கள் எண்ணியதன் கல் வடிவம் அது. மேல்தளத்தில் மொரீஷியஸ் தீவின் டோடோ பறவையின் எலும்புக்கூடு இருப்பதும் இந்த ஏற்பாட்டினால்தான். உலகத்தில் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்த டோடோ எலும்புக்கூடுகள் மிகச் சில. அவற்றில் ஒன்று, வரித் தகராறுகளைப் பேசும் கட்டடத்தின் மாடியில் நின்றுகொண்டிருக்கிறது.

அதன்பின் எதிரே நடந்து, முன்னாளில் வெஸ்ட் தெரு என்றிருந்த டாக்டர் பிக்ஸ்லி காசேமே தெருவில் நிற்கும் பழைய தலைமை அஞ்சலகத்தைப் பாருங்கள். அது அஞ்சலகமாகப் பிறந்ததல்ல. பிலிப் டட்ஜன் வரைந்து 1885 இல் திறக்கப்பட்ட டர்பனின் முந்தைய நகர மண்டபம் அதுதான். போயர் போரின்போது சிறையிலிருந்து தப்பி வந்த இளைஞர் வின்ஸ்டன் சர்ச்சில் 1899 டிசம்பரில் கூட்டத்தின் முன் பேசியது அதன் படிகளில்தான். இருபத்தைந்தே ஆண்டுகளில் அந்தக் கட்டடம் ஊருக்குப் போதாமல் போய், பக்கத்திலேயே பல மடங்கு பெரிதாக இன்னொன்று எழுந்தது. துறைமுகமும் கரும்பும் கொண்டுவந்த பணம் எவ்வளவு வேகமாகப் பெருகியது என்பதை இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் கண் கணக்குப் புத்தகம் இல்லாமலே அறிந்துகொள்ளும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் அந்தக் கரும்புக்காகவே வந்தார்கள்.

வாசலைப் பற்றிப் பேசும்போது உள்ளே அமர முடியாதவர்களைப் பற்றியும் பேச வேண்டும். வீடும் கடையும் வைத்திருந்த இந்தியர்கள் நகராட்சிக்கு வரி கட்டினார்கள். ஆனால் 1924 ஆம் ஆண்டின் நேட்டால் நகராட்சிச் சட்டவிதிக்குப் பிறகு வாக்காளர் பட்டியலில் அவர்களின் பெயர்கள் புதிதாகச் சேர முடியாமல் போனது. இந்த மாநிலத்தில் எல்லா இனத்தவரும் ஒரே பட்டியலில் வாக்களித்து உள்ளாட்சி மன்றத்தைத் தேர்ந்தெடுத்தது 1996 இல்தான். எனவே ஒரு நகர மண்டபத்தைப் பார்க்கும்போது, இதற்குப் பணம் கொடுத்தவர் யார், உள்ளே கை உயர்த்தியவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். பிரிட்டனிலும் இதே கேள்வியைக் கேட்கலாம், விடை மட்டும் வேறாக இருக்கும்.

நிலமும் சதுக்கமும்

பிரிட்டிஷ் நகரத்தில் மண்டபத்தை நோக்கி நடக்கும்போது மூன்று இடங்களில் நின்று பார்ப்பது நல்லது. கோபுரமோ குவிமாடமோ முதன்முதலில் கண்ணில் படும் தெரு ஒன்று. சதுக்கத்தின் எதிர் ஓரம் இரண்டு. சுவரைக் கையால் தொடும் தூரம் மூன்று. இந்த மூன்றுக்கும் ஏற்றபடியே அந்தக் காலக் கட்டடக்கலைஞர்கள் வரைந்தார்கள். தொலைவிலிருந்து வானத்தில் தெரியும் உருவம், சதுக்கத்திலிருந்து முகப்பின் அளவுப்பொருத்தம், அருகில் செதுக்கு வேலை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கவனம் செலுத்தப்பட்டிருக்கும்.

பெல்ஃபாஸ்டில் ராயல் அவென்யூவிலிருந்து டொனிகால் பிளேஸ் வழியாக நடந்தால், கடைத்தெருவின் முடிவில் குவிமாடம் நேராக வந்து நிற்பதைக் காணலாம். அந்த இடத்தில் முன்பு லினன் துணி வணிகர்களின் வெள்ளை லினன் மண்டபம் இருந்தது. 1888 இல் பெல்ஃபாஸ்டுக்கு மாநகரத் தகுதி கிடைத்த பிறகு அதை இடித்துவிட்டு, 1898 முதல் 1906 வரை ஆல்ஃபிரட் பிரம்வெல் தாமஸ் இந்த மண்டபத்தைக் கட்டினார். துணி விற்ற இடத்திலேயே துணியால் வளர்ந்த ஊரின் மன்றம் எழுந்தது. நம் மண்டபத்தைப் பழகிய கண்ணுக்கு இங்கே ஒரு வேறுபாடு உடனே தெரியும்: டர்பனில் தெருக்கள் கட்டடத்தை நெருக்கிக்கொண்டு ஓடுகின்றன, பெல்ஃபாஸ்டிலோ நான்கு புறமும் புல்வெளி விரிந்து கட்டடத்துக்கு மூச்சுவிட இடம் தருகிறது. ஒரே வடிவம் நிலம் மாறினால் எப்படி மாறித் தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கிளாஸ்கோவில் முறை தலைகீழ். அங்கே ஜார்ஜ் சதுக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. வில்லியம் யங் வரைந்த நகர மண்டபம் 1888 இல்தான் அதன் ஒரு பக்கத்தை முழுவதுமாக எடுத்துக்கொண்டது. கார்டிஃப் இன்னொரு வழியைக் கண்டது. பியூட் பிரபுவிடமிருந்து 1898 இல் கேத்தேஸ் பூங்கா நிலத்தை மொத்தமாக வாங்கி, நகர மண்டபம், நீதிமன்றம், அருங்காட்சியகம், பல்கலைக்கழகம் ஆகிய அனைத்தையும் மரங்கள் வரிசையாக நிற்கும் அகன்ற சாலைகளில் வெள்ளைக் கல்லில் அடுத்தடுத்து எழுப்பினார்கள். பார்வைக்கு இதம்தான். ஆயினும் கடைத்தெருவிலிருந்து விலகி நிற்பதால், அலுவல் இல்லாதவர் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை என்ற குறையும் அதில் உண்டு.

சதுக்கங்கள் அண்மைக்காலத்தில் எப்படி மாறின என்பதையும் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவற்றில் பல, கார்கள் சுற்றிவரும் திருப்பங்களாகிவிட்டன. பர்மிங்ஹாம் நகரம் விக்டோரியா சதுக்கத்தை நடப்பவர்களுக்கு மீட்டுக்கொடுத்து 1993 இல் திறந்தது. அங்கே படிகளின் நடுவே வழியும் நீரூற்றையும் சிலைகளையும் செய்தவர் குஜராத்தில் பிறந்த சிற்பி துருவ மிஸ்திரி. பிராட்ஃபோர்ட் இன்னும் துணிந்து, நகர மண்டபத்தின் முன் 4,000 சதுர மீட்டர் பரப்புள்ள, கணுக்கால் அளவுத் தண்ணீர்க் குளம் ஒன்றை 2012 இல் அமைத்தது. வேண்டும்போது நீரை வடித்துவிட்டால் அதுவே கூட்டம் கூடும் திடலாகிவிடும். வெயில் அடிக்கும் நாளில் பிள்ளைகள் அதில் ஓடியாடுவதைப் பார்த்தால், நம் சதுக்கத்துக்கும் இப்படி ஒரு யோசனை யாருக்கும் தோன்றவில்லையே என்ற ஆதங்கம் வரும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. நம் ஊரில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும்; அங்கே தெற்கிலிருந்து. தெற்கு நோக்கி நிற்கும் லீட்ஸ் மண்டபத்தின் தூண்வரிசையில் நிழலும் ஒளியும் மாறிமாறி விழும் அழகை நடுப்பகலில் காணலாம். வடக்கு நோக்கிய பெல்ஃபாஸ்ட் முகப்போ அந்த நேரத்தில் நிழலில் மங்கித் தெரியும். அதைக் கோடையின் நீண்ட மாலையில் பார்ப்பதே நல்லது. நம் பள்ளி விடுமுறையை ஒட்டி டிசம்பரில் போகிறவர்கள், பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதை மனத்தில் வைத்து, வெளிப்புறத்தைக் காலையிலேயே பார்த்து முடித்துவிட வேண்டும்.

பணமும் கல்லும்

இந்த மண்டபங்களில் பெரும்பாலானவற்றுக்கு 1835 ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம்தான் விதை. அதற்கு முன் பல ஊர்களில் தங்களுக்குள்ளேயே உறுப்பினர்களை நியமித்துக்கொண்ட பழைய குழுக்கள் ஆண்டன. அந்தச் சட்டம் வரி கட்டுவோர் தேர்ந்தெடுக்கும் மன்றங்களைக் கொண்டுவந்தது. பிறகு அந்த மன்றங்கள் தண்ணீர், எரிவாயு, டிராம் போன்றவற்றைத் தாங்களே நடத்தத் தொடங்கி வருவாய் ஈட்டின. பெல்ஃபாஸ்ட் மண்டபத்துக்குப் பணம் கொடுத்தது நகராட்சி எரிவாயு ஆலையின் லாபம். குவிமாடத்தை அண்ணாந்து பார்க்கும்போது, ஊரார் விளக்கேற்றிய காசு அங்கே ஏறி நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

லீட்ஸ் மண்டபத்தின் கதை இன்னும் சுவையானது. அதை வரைவதற்கு நடந்த போட்டியில் வென்ற கத்பர்ட் பிராட்ரிக் அப்போது முப்பது வயதைச் சற்றே கடந்த இளைஞர். அவருடைய முதல் வரைபடத்தில் கோபுரம் இல்லை. கோபுரம் வேண்டும் என்று ஒரு தரப்பும், வரிப்பணத்தைக் காற்றில் விடாதீர்கள் என்று மறுதரப்பும் மன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வாதாடின. கடைசியில் கோபுரக் கட்சி வென்றது. கட்டட ஒப்பந்தக்காரர் இடையிலேயே நொடித்துப்போனார். 1858 செப்டம்பரில் விக்டோரியா அரசி வந்து திறந்துவைத்தார். சுமார் 68 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தில் மன்றம் கூடுவதற்கு ஓர் அறைகூடக் கிடையாது. ஆனால் லீட்ஸ் என்றால் இன்றும் எல்லோரும் படத்தில் போடுவது அதைத்தான். சிக்கனக்காரர்கள் கணக்கில் சரி. ஊர் நினைவில் அவர்களுக்கு இடமில்லை.

மணிக்கோபுரத்துக்கு ஒரு பயனும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். கைக்கடிகாரம் பொதுவாக இல்லாத காலத்தில் ஆலைக்கும் ரயிலுக்கும் ஊர் முழுவதும் ஒரே நேரம் தேவைப்பட்டது. அதற்கு முன் ஒவ்வொரு ஊரும் தன் சூரியனைப் பார்த்தே மணி வைத்துக்கொண்டது; பிரிட்டன் முழுவதற்கும் கிரீனிச் நேரமே சட்டப்படியான நேரம் என்றானது 1880 இல்தான்.

இனி கல். வடக்கு இங்கிலாந்தின் மண்டபங்கள் பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்து மணற்கல்லால் ஆனவை. ஆலைப் புகையில் அவை நூறு ஆண்டு கரியாகக் கறுத்துக் கிடந்தன. 1956 ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு புகை குறையக் குறைய, ஒவ்வொன்றாகக் கழுவிச் சுத்தம் செய்தார்கள். ஆனாலும் மழைநீர் படாத இடங்களில், அதாவது கூரை விளிம்பின் அடிப்பக்கத்திலும் சிற்பங்களின் தாடைக்குக் கீழும், பழைய கரி சில கட்டடங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தேடிப் பாருங்கள். அந்த ஊரின் பழைய வானத்தில் மிச்சம் இருப்பது அதுதான்.

பெல்ஃபாஸ்டிலும் கார்டிஃபிலும் பார்ப்பது போர்ட்லண்ட் கல். தெற்கு இங்கிலாந்தின் போர்ட்லண்டில் வெட்டியெடுக்கும் இந்த வெண்ணிறச் சுண்ணாம்புக்கல், கடலடியில் படிந்து உருவானது. இங்கேதான் நான் சொன்ன மூன்றாவது தூரம், கை தொடும் தூரம், பயன்படும். மழை அடிக்கும் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினால், வழவழப்பாக இருக்க வேண்டிய கல் சொரசொரப்பாக இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் வளைந்த கீற்றுகள் தெரியும். அவை சிப்பி ஓடுகள். மழைநீர் சுண்ணாம்பை நூறு ஆண்டாகச் சிறுகச் சிறுகக் கரைத்துக்கொண்டே வர, அதைவிடக் கடினமான சிப்பி ஓடுகள் மட்டும் கரையாமல் மயிரிழை அளவு துருத்தி நிற்கின்றன. அதே கல்லை மழை எட்டாத தூண் மறைவில் தடவினால் இந்தச் சொரசொரப்பு அவ்வளவாக இராது. மழை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக்கூட இப்படி விரலாலேயே கண்டுபிடிக்கலாம். ஊர் திரும்பியதும் நம் மண்டபத்தின் சுவரையும் இதே போலத் தடவிப் பார்த்து ஒப்பிடுங்கள்.

வாசலும் அறைகளும்

உள்ளே போனதும் கையேட்டைத் திறக்காமல், இந்தக் கட்டடத்தில் என்னென்ன வேலை நடந்தது என்று முதலில் ஊகித்துப் பாருங்கள். லீட்ஸ் மண்டபத்தில் இசை அரங்கும் மன்றக்கூடமும் நீதிமன்றங்களும் ஒன்றாக இருந்தன. கீழ்த்தளத்தில் கைதிகளுக்கான கொட்டடிகளும் இருந்தன. மேலே ஆர்கன் என்னும் பேரிசைக் கருவி முழங்க, அதே கூரையின் கீழ் ஒருவர் தண்டனைக்குக் காத்திருப்பார். லிவர்பூலில் 1854 இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் மண்டபத்திலும் இதே சேர்க்கைதான். அதை வரைந்த ஹார்வி லான்ஸ்டேல் எல்ம்ஸ் கட்டி முடிவதற்கு முன்பே இளவயதில் இறந்துபோனார். அதன் பேரரங்கின் தரையில் பதித்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மின்டன் நிறுவனத்து ஓடுகள் பெரும்பாலான நாட்களில் மரத்தரைக்குக் கீழே மூடியிருக்கும். ஆண்டில் சில நாட்கள் மட்டும் திறந்து காட்டுவார்கள். அந்த நாட்களை விசாரித்துக்கொண்டு போனால் பயணம் வீண்போகாது.

அறைகளின் அமைப்பே ஒரு கட்டடத்தின் உயிர் என்பதற்கு மான்செஸ்டர் சாட்சி. 1868 முதல் 1877 வரை கட்டப்பட்ட அந்த மண்டபத்துக்கு நடந்த போட்டியில், வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துப் பார்த்தபோது ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுசின் வரைபடம் நான்காம் இடத்தில்தான் இருந்தது. ஆனால் கிடைத்த மனையோ முக்கோணம். அந்த இக்கட்டான வடிவத்துக்குள் அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் வரும்படியும், வழிகள் குழம்பாதபடியும் அவரே அமைத்திருந்தார். நடுவர்கள் அழகுக்கு மூன்று பேரைத் தள்ளிவைத்துவிட்டு அமைப்புக்குப் பரிசு கொடுத்தார்கள். இன்று அந்த மண்டபத்தின் 85 மீட்டர் கோபுரத்தைப் புகழ்வோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அங்கே பேரரங்கின் வெளியே உள்ள தளத்தில், தரை முழுவதும் பதித்த சிறு கற்களில் தேனீக்கள் பறக்கின்றன. ஓயாத உழைப்பின் அடையாளமாக மான்செஸ்டர் தேனீயைத் தன் சின்னத்தில் ஏற்றுக்கொண்ட ஊர். அரங்கின் உள்ளே ஃபோர்ட் மேடக்ஸ் பிரவுன் தீட்டிய 12 சுவரோவியங்கள் அந்த ஊரின் வரலாற்றைச் சொல்கின்றன. திறப்பு விழாவுக்கு அரசி வர மறுத்துவிட்டார். மேயர் ஏபெல் ஹேவுட்டே திறந்துவைத்தார். முத்திரை வரி கட்டாத செய்தித்தாள்களை விற்றதற்காக இளமையில் சிறை சென்ற மனிதர் அவர். கோபுரத்தின் பெரிய மணிக்கு இன்றும் அவர் பெயர்தான். அரசி வராமல் போனதும் ஒரு வகையில் நல்லதாயிற்று.

டர்பனில் கேட்ட கேள்வியை இங்கேயும் கேளுங்கள்: வாக்களித்தவர் யார்? வரி கட்டும் வீட்டுக்காரர்களே தொடக்கத்தில் வாக்காளர்கள்; ஆலைத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வெளியேதான் நின்றார்கள். வரி கட்டிய மணமாகாத பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் 1869 இல் நகராட்சி வாக்குரிமை கிடைத்தது. நாடாளுமன்ற வாக்குரிமைக்கு அவர்கள் இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

பாணி, கடைசியாக

இதுவரை பார்த்தவருக்குப் பாணியை அடையாளம் காண்பது சிரமமே அல்ல. தூண்வரிசையும் மேலே முக்கோண முகப்புமாக ரோமானியக் கோயிலைப் போல நின்றால், அது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி. 1834 இல் திறந்த பர்மிங்ஹாம் நகர மண்டபம் ரோமாபுரியின் காஸ்டர், போலக்ஸ் கோயிலைப் பார்த்து வரைந்தது. கூரான வளைவுகளும் ஊசிக் கோபுரங்களும் இருந்தால் அது கோதிக், ஏறக்குறைய 1860 முதல் 1890 வரை. மான்செஸ்டரும் பிராட்ஃபோர்டும் இந்த வகை. வெள்ளைக் கல், குவிமாடம், பருத்த செதுக்கு வேலை என்றால் 1900 ஐ ஒட்டிய பரோக். பெல்ஃபாஸ்ட், கார்டிஃப், நம் டர்பன் மூன்றும் ஒரே குடும்பம். பிரம்வெல் தாமஸ் வரைந்த ஸ்டாக்போர்ட் நகர மண்டபத்தை அந்த ஊரார் 'கல்யாண கேக்' என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலி பெல்ஃபாஸ்டுக்கும் நமக்கும்கூடப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். இந்தப் பாணியில் அலங்காரம் சற்று அதிகம்தான். 1930களில் நிலைமை அடங்கியது. 1938 இல் திறந்த நார்விச் மண்டபத்தில் நெடிய செங்கல் முகப்பும் வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்களும் மட்டும் போதுமென்று விட்டார்கள். போருக்குப் பின் வந்தவற்றில் நியூகாசில் நகர மையத்தைத் தவறவிட வேண்டாம். 1968 இல் நார்வே மன்னர் ஐந்தாம் ஓலாவ் திறந்துவைத்த அதன் கோபுர உச்சியைச் சுற்றிக் கடற்குதிரைத் தலைகள் எட்டிப்பார்க்கும்.

நம் மண்டபம் பெல்ஃபாஸ்டின் நகல் என்று சிலர் குறையாகச் சொல்வதுண்டு. அது சரியல்ல. பர்மிங்ஹாம் ரோமாபுரியைப் பார்த்தது. பிராட்ஃபோர்ட் கோபுரம் ஃபிளாரன்ஸ் நகரின் பழைய அரண்மனைக் கோபுரத்தைப் பார்த்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் கட்டுவது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், எதை மாற்றினார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

புறப்படும் முன்

தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பிரிட்டனுக்கு விசா எடுக்க வேண்டும். அதே விசா பெல்ஃபாஸ்டுக்கும் செல்லும். ஆனால் டப்ளின் வழியாகப் போனால் மலிவு என்று பயணச்சீட்டு வாங்கிவிடாதீர்கள். அயர்லாந்துக் குடியரசு வேறு நாடு, 2024 முதல் நமக்கு அதன் விசாவும் தனியாக வேண்டும்.

காலத்தைத் தேர்ந்துகொள்ள முடிந்தால் செப்டம்பரில் போங்கள். இங்கிலாந்தில் பாரம்பரியத் திறப்பு நாட்கள் (Heritage Open Days) என்ற பெயரில், மற்ற நாட்களில் பூட்டியிருக்கும் அறைகளையும் கோபுரப் படிகளையும் அந்த மாதம் கட்டணமின்றித் திறந்துவிடுவார்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றிலும் அதே மாதத்தில் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. இடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால் முன்பதிவு தேவை. மற்ற மாதங்களில் பெல்ஃபாஸ்டிலும் கிளாஸ்கோவிலும் வழிகாட்டியோடு சுற்றிக்காட்டும் ஏற்பாடுகள் நடக்கின்றன. மன்றம் கூடும் நாளிலும் திருமண வரவேற்பு நடக்கும் நாளிலும் சில அறைகளுக்குள் விடமாட்டார்கள். வாசல் காவலரிடம் பணிவாகக் கேட்டால், கூட்டம் இல்லாத நேரத்தில் மன்றக்கூடத்தை எட்டிப்பார்க்க விடுவதும் உண்டு.

மான்செஸ்டர் மண்டபம் பெரும் பழுதுபார்ப்புக்காக 2018 ஜனவரியில் மூடப்பட்டது. திறந்திருக்கிறதா என்று போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் மனம் தளர வேண்டாம். நகர நடுவிலிருந்தே டிராம் ஏறி ராச்டேல் போய் இறங்கலாம். வில்லியம் ஹென்றி கிராஸ்லண்ட் வரைந்து 1871 இல் திறந்த அந்த ஊரின் கோதிக் மண்டபம், பழுதுபார்ப்பு முடிந்து 2024 இல் மீண்டும் திறந்துவிட்டது. அதன் முதல் கோபுரம் 1883 இல் தீயில் அழிந்தது. இப்போது நிற்கும் கல் கோபுரத்தை நான்கு ஆண்டு கழித்து வரைந்து கொடுத்தவர் மான்செஸ்டர் மண்டபத்தைக் கட்டிய அதே வாட்டர்ஹவுஸ்தான். கட்டடத்தின் மற்ற பகுதியையும் கோபுரத்தையும் மாறிமாறிப் பார்த்து, இரண்டு கைகளின் வேறுபாடு எங்கே தெரிகிறது என்று தேட அங்கே ஒரு பிற்பகல் வேண்டும்.